அலகு எழுதாத பதின்மூன்று

தம்பி,

எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாததால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உங்கள் முகாம் வாசகசாலைக்கு இந்தப் பத்திரிகை வருகிறது, எல்லோரும் படித்து அட்டை கிழிந்த பிறகுதான் உன் கைக்குக் கிடைக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் கைக்குக் கிடைக்காவிட்டாலும், உன்னைத் தூக்கி வந்து தன் குடிசையில் படுக்கவைத்திருக்கும் யாரோ ஒருவர் கைக்குப் போகலாம். அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். தெரிந்த ஒரு சிப்பாய் அந்தப் பக்கம் வரலாம். போகலாம், வரலாம், இருக்கலாம். உன் அம்மாவின் வாக்கியங்கள் இப்போது இப்படித்தான் முடிகின்றன.

தந்தி அன்னவாசலில் நம் கடலைக் கடைக்கு வந்தது. உன் அப்பா அதைப் பிரிக்கவில்லை. மடித்தபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்கு வந்து, நான் பதினோராம் வகுப்புப் பெண்களுக்கு ஊசலைக் காட்டிக்கொண்டிருந்த லேப் வாசலில் நின்றார். அவர் என் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. சட்டையில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. "இங்கிலீஷ்ல இருக்கு. படிச்சுச் சொல்லவான்னு தந்தி கொண்டாந்த பையன் கேட்டான். வேணாம்ப்பா, எங்க வீட்டுலயே டீச்சர் இருக்காங்கன்னுட்டேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நான் படித்தேன். எனக்குள் படித்தேன். குதிப்பில் உன்னைக் காணவில்லை, தேடுகிறார்கள் என்று இருந்தது. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக என் முகத்திலிருந்து விஷயத்தைப் படித்தது. மேசைமேல் ஊசல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் எண்ணிக்கையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு உன் அதிகாரியின் கடிதம் வந்தது. நல்ல கையெழுத்து. நல்ல மனிதராகவும் இருக்கவேண்டும், எதையும் மறைக்கவில்லை. பயிற்சிக் குதிப்பு. உன் பாராசூட் விரியும்போதே துணி கிழிந்திருக்கிறது. இரண்டாவது குடையும் அதில் சிக்கிக்கொண்டது. கீழே இருந்து பார்த்தவர்கள், முழுக் குடையில் கால் பங்குதான் காற்றைப் பிடித்திருந்தது என்கிறார்கள். காற்று உன்னை மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. பனிப் பள்ளத்தாக்கு. தேடினார்கள். மறுபடி பனி கொட்டியதில் பாதை அடைபட்டது. பாதை திறந்ததும் மீண்டும் தேடுவோம். பள்ளத்தாக்கின் அடியில் ஆடு மேய்ப்பவர்களின் குடிசைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். நம்பிக்கையை விட வேண்டாம். இவ்வளவுதான் கடிதம்.

உன் பெரியப்பா கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு உன் அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, மனசைத் தேத்திக்க. தர்ப்பையில உருவம் வச்சாவது செய்ய வேண்டிய காரியத்தைச் செஞ்சுடணும். அவன் அங்கிட்டும் இல்லாம இங்கிட்டும் இல்லாம அல்லாடக் கூடாது." அவர் கெட்டவர் இல்லை. உன்னைத் தோளில் வைத்துக் கோயிலுக்குத் தூக்கிப்போனவர். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேனோ அதுவே நடக்கும் என்கிற பார்வை. நீ இருக்கிறாயா இல்லையா என்பது அந்த நிமிஷம் என் வாயில் இருந்தது. "கொஞ்சம் பொறுங்க. கணக்குப் போட்டுப் பாக்கணும்" என்றேன்.

துக்க வீட்டில் கணக்கா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வேறு எதுவும் தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

களத்தில் அப்பா கடலை தூற்றும்போது நீ கேட்டது நினைவிருக்கிறதா? பத்து வயதிருக்கும். முறத்திலிருந்து எல்லாம் ஒன்றாகத்தானே விழுகிறது, சருகு மட்டும் ஏன் அங்கிட்டுப் போகுது, கடலை மட்டும் ஏன் காலடியிலேயே விழுது? நான் ஒரு குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினேன். எடை கீழே இழுக்கும். காற்று மேலே தள்ளும். வேகம் கூடக் கூடத் தள்ளலும் கூடும். இரண்டும் சமமாகும்போது வேகம் கூடுவது நின்றுவிடும். அதற்குமேல் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அதே வேகம்தான். அதை முற்று வேகம் என்போம். சருகுக்கு அது சிறியது, மெதுவாக விழுகிறது, அதனால் காற்று அதைத் தூரமாய்க் கொண்டுபோகிறது. நீ வெகுநேரம் சருகையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம் மாட்டுக்கொட்டகை மதில்மேல் ஏறி, அப்பாவின் வேட்டியை நாலு முனையிலும் பிடித்துக்கொண்டு குதித்தாய். முழங்கால் சிராய்ந்து எழுந்து வந்து, "வேட்டி பத்தலை" என்றாய். படையில் சேரப் புறப்பட்ட காலையில், பஸ் ஜன்னலில் குனிந்து, "அம்மா, நீ போர்டுல போட்டுக் காட்டுற. நான் விழுந்து பாத்துட்டு வாரேன்" என்றாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரமங்கலத்து வெற்றிலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். உன்னைத் தடுத்திருக்க வேண்டும் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அதை உனக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கணக்கைத் தொடங்கினேன். தரையைத் தொடும்போது உன் வேகம் என்ன, அதுதான் கேள்வி. குடை கிழிந்துகொண்டே போகிறது. மலைக்கு மேலே காற்று மெலிசு, கீழே வரவர அடர்த்தி. எனவே தடை ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரே வரியில் விடை எழுத முடியாது. விழுந்த நேரத்தைச் சின்னஞ்சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் இப்போது என்ன வேகம், அதற்கு எவ்வளவு தடை, மிச்சமிருக்கும் இழுப்பு எவ்வளவு, அடுத்த துண்டில் என்ன வேகம் என்று போட்டுக்கொண்டே போகவேண்டும். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில், லாக் டேபிளைத் திறந்துவைத்துப் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் நீ கொஞ்சம் கீழே வந்தாய். ஒரு வரியில் தவறு என்றால் அதன் கீழ் உள்ள எல்லா வரியும் தவறு. அடித்துவிட்டு உன்னை மறுபடி மேலே கொண்டுபோய்த் தொடங்குவேன். தரைக்கு வரும் முன் தாள் முடிந்துவிடும். அல்லது நான் முடித்துக்கொள்வேன். உன்னைத் தரைவரை கொண்டுவர என்னால் முடியவில்லை.

அப்போதுதான் உன் மாமா மகன் சுந்தரத்துக்கு எழுதினேன். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் அவன் ஆராய்ச்சி செய்கிறான். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. ஓர் அறை நிறைய நிற்கிறதாம். குளிரூட்டிய அறை. அட்டைகளில் ஓட்டை போட்டுப் புரோகிராமாக அடுக்கிக் கொடுத்தால், நான் மாதக் கணக்கில் போடுவதை அது ஒரு வாய் காப்பி குடிப்பதற்குள் போட்டுவிடுமாம். உன் எடை, நீ முன்பு எழுதியிருந்த குடையின் அளவு, விமானத்தின் உயரம், அதிகாரி எழுதிய கால் பங்கு எல்லாவற்றையும் எழுதினேன். எடையை ராத்தலில், அதாவது பவுண்டில். அளவை அடியில். நான் படித்தது அப்படி. பள்ளிக்கூடத்தில் மீட்டரும் கிலோவும் வந்து வருடங்களாகின்றன, நானும் அதில்தான் பாடம் நடத்துகிறேன். ஆனால் உன்னைப் பற்றி எழுதும்போது கை தானாக ராத்தலுக்குப் போனது. நீ பிறந்தபோது ராத்தலில்தான் நிறுத்தார்கள்.

சுந்தரத்திடமிருந்து தந்தி வந்தது. தந்தியில் வார்த்தைகளைக் குறைத்துத்தான் எழுதுவார்கள். வேகம் பதின்மூன்றில் நிலைக்கிறது, தாளோடு ஞாயிறு வருகிறேன். உன் அப்பா கடலை மூட்டை ஏற்றிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்ன போட்டிருக்கு டீச்சர்?"

"பதிமூணு."

"பதிமூணு என்னது?"

"அடி. விநாடிக்குப் பதிமூணு அடி."

அடி என்று யாரும் எழுதவில்லை. நான் சொன்னேன்.

"அப்படின்னா எப்படிம்மா? எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு." நான் கண்ணை மூடிக் கணக்குப் போட்டேன். அந்த வேகத்தில் தரையைத் தொட, குதிக்க வேண்டிய உயரம் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். "வண்டியிலேருந்து கீழ குதிச்சா எப்படி இருக்கும், அப்படி."

அவர் வண்டிக்காரர் மாயழகை விலகச் சொன்னார். சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். ஐம்பது வயது, மூட்டுவலி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொபுக்கென்று குதித்தார். நேராக நின்றார். கையைத் தட்டிக்கொண்டார். "இவ்வளவுதானா! ஏ மாயழகு, இவ்வளவுதான்யா!" மாயழகு, "ஐயா, நீங்க குதிச்ச குதியில மாடு மெரளுது" என்றார். அப்பா மறுபடி ஏறிக் குதித்தார். முதல் தந்தி வந்த நாளிலிருந்து அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். அன்று அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். பெரியப்பா மறுபடி வந்தபோது அப்பா அவரை உட்காரவே விடவில்லை: "அண்ணே, மெஷினே சொல்லிருச்சு. வண்டியிலேருந்து எறங்குன மாதிரி எறங்கியிருக்கான். எறங்குனவனுக்குப் போய் யாராவது காரியம் பண்ணுவாங்களா?"

இப்போது நீ படித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பாய். உனக்குத் தெரிந்திருக்கும். முழுக் குடையோடு இறங்குவது நம் மாட்டுக்கொட்டகை மதிலிலிருந்து குதிப்பது போல என்று நீதான் முன்பு எழுதியிருந்தாய். மதில் ஏழு அடி. வண்டி மூன்று அடிகூட இல்லை. என் கணக்குப்படி, முழுக் குடையைவிடக் கிழிந்த குடை உன்னை மெதுவாக இறக்கியிருக்கிறது. இருபது வருடமாகப் பௌதிகம் நடத்துகிறவள் இதை நம்பினேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் 'யோசி' என்று எழுதியிருப்பேன். விடையின் பக்கத்தில் அலகு போடாதவர்களுக்கு அரை மார்க் குறைக்கிறவள் நான். வெறும் பதின்மூன்று என்றால் என்ன, பதின்மூன்று கத்தரிக்காயா என்று கேட்பேன். வகுப்பே சிரிக்கும்.

ஞாயிறு சுந்தரம் வந்தான். பையை வைக்கக்கூட விடாமல் அப்பா அவன் கையைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப்போனார். "மாப்ளே, இந்த ஒசரம்தானே? நீயே சொல்லு. உங்க அத்தை சொன்னா இவங்க நம்ப மாட்டேங்குறாங்க." சுந்தரம் வண்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஆமா மாமா" என்றான். "இந்த ஒசரம்தான்."

கொல்லையில் கை கழுவ வந்தபோது சொன்னான். "அத்தை, நீங்க குடுத்ததை எல்லாம் கிலோவுக்கும் மீட்டருக்கும் மாத்தித்தான் போட்டேன். அங்க எல்லாருமே அப்படித்தான். பதிமூணு மீட்டர், அத்தை. தந்தியில அதைப் போடாம விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." மடித்த தாளை நீட்டினான். நீளமான தாள், மேலிருந்து கீழாக எண்கள். முதலில் விறுவிறுவென்று ஏறுகிறது. பிறகு இறங்குகிறது. பிறகு ஒரே எண் வரிக்கு வரி. நான் விடைத்தாள்களின் பின்னால் போட்டு முடிக்காமல் விட்ட உன் பயணம். இயந்திரம் உன்னைத் தரைவரை கொண்டுவந்துவிட்டிருந்தது. அதற்குக் கை நடுங்கவில்லை.

"உன்மேல தப்பில்ல" என்றேன். இல்லை. அது மனக்கணக்கு, தம்பி. பரப்பு கால் பங்கானால் வேகம் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நாலு மடங்கு. ஒரு மதில் இல்லை, நாலு மதில். பதினோராம் வகுப்புப் பெண் கரும்பலகைக்கு வராமலே சொல்லிவிடுவாள். மெலிந்த காற்று, கிழிந்துகொண்டே போகும் துணி எல்லாம் பின்னத்தில்தான் மாற்றும். அதிகாரியின் கடிதத்தைப் படித்த மாத்திரத்தில் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருக்கலாம். அந்த மனக்கணக்கைப் போடாமல் இருக்கத்தான் லாக் டேபிளைத் திறந்தேன். அதைப் போடாமல் இருக்கத்தான் சென்னைக்கு எழுதினேன்.

சுந்தரம் போன மறுநாள் சாயங்காலம் கிணற்றடிக்குப் போனேன். நாலு மதில் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வருடம் மழை இல்லை. தண்ணீர் அடியில் கிடக்கிறது. வாளிக்கயிற்றை இறக்கினேன். கயிறு முடிகிற வரை விட்டு, இன்னும் குனிந்தேன். பின்னால் செருப்பு உதறிவிட்டு ஓடிவரும் சத்தம். உன் அப்பா என் இரண்டு தோளையும் பிடித்து இழுத்தார். இருவரும் விழுந்தோம். "ஏம்மா... ஏம்மா இப்படிப் பண்ற... நான் ஒருத்தன் இருக்கேன்ல..." அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க நெனக்கிற மாதிரி இல்லைங்க. அளக்குறேன்."

"எதை?"

"அவன் விழுந்த ஒசரத்தை."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார். "வண்டி?" என்றார்.

"வண்டி தப்பு."

"மெஷின் தப்பாப் போட்டுருச்சா?"

"மெஷின் சரியாத்தான் போட்டுச்சு. நான்தான் அடின்னு சொல்லிட்டேன். அது மீட்டரு."

எழுந்து அடிப்பார், கத்துவார், பெரியப்பாவுக்கு ஆள் அனுப்புவார் என்றெல்லாம் நினைத்தேன். அவர் மெல்ல எழுந்து கிணற்றின் விளிம்புக்குப் போனார். கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்தார். இந்தக் கிணற்றில் நீ குதிப்பதற்கு முன் ஒரு கல்லைப் போட்டு, சத்தம் கேட்ட பிறகுதான் குதிப்பாய். அதே போலப் போட்டார். இருவரும் காத்திருந்தோம். சத்தம் வந்தது.

"இந்த ஒசரமா?"

"இந்த ஒசரம்தான்."

"இதுல எத்தனை கோடைக்குக் குதிச்சிருக்கான். தலகீழாக் குதிச்சிருக்கான். மூக்கைப் பொத்திக்கிட்டுக் குதிச்சிருக்கான். ஏறி வந்து சோறு கேப்பான்."

"அது தண்ணிங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "பனியும் தண்ணிதானே, டீச்சர்?"

தம்பி, வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பனி, நீர், ஆவி, மூன்றும் ஒன்றே. அன்று என்னால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நான் பனியைப் பார்த்ததில்லை. அது கையில் எப்படி இருக்கும், காலை வைத்தால் எவ்வளவு உள்ளே போகும் என்று தெரியாது. "ஆழம் தெரிஞ்சா சொல்லலாம்" என்றேன். "ஆள் ஒசரத்துக்குப் பனி கெடந்தா, அது கொஞ்சம் கொஞ்சமா அமுங்கி நிறுத்திரும். எழுந்து நடந்திருப்பான்."

"இல்லாட்டி?"

முழங்கால் அளவு என்று வைத்தும் போட்டுப் பார்த்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன்.

அவர் கயிற்றை மேலே இழுத்து, ஒழுங்காகச் சுற்றி, கொக்கியில் மாட்டினார். "அப்ப அண்ணங்கிட்ட ஆள் ஒசரத்துக்குப் பனி கெடந்துச்சுன்னு சொல்லிடுறேன்" என்றார்.

"அது தெரியாதுங்க."

"தெரியுற வரைக்கும் சொல்லுறேன்."

அப்படியே சொல்லியும்விட்டார். பெரியப்பா, பாதை திறக்கிற வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்குமேல் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். உன் அப்பா இப்போது வண்டியில் ஏறிக் குதிப்பதில்லை. கடைக்குப் போகுமுன் கிணற்றுக்குள் ஒரு கல்லைப் போட்டுக் கேட்டுவிட்டுப் போகிறார். நான் சமையலறையிலிருந்து கேட்கிறேன்.

மகன்களுக்கு எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். நான் உனக்குச் சொல்லிவந்த புத்திமதி எல்லாம் பரீட்சைக்கானது. கேள்வியை இருமுறை படி. தெரிந்ததை முதலில் எழுது. விடை நியாயமாக இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை பார். எனக்கே உதவாத புத்திமதிகள். இப்போது எனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கால் விரல்களை அசைத்துக்கொண்டே இரு. கையைக் கக்கத்தில் வைத்துக்கொள். தூக்கம் வந்தால் எதையாவது சத்தமாகச் சொல்லு, வாய்ப்பாடு சொல்லு. குடைத்துணியை உதறிப் போட்டுவிடாதே, போர்த்திக்கொள். புகை தெரிகிற பக்கம் போ. ஆட்டுச் சத்தம் கேட்கிற பக்கம் போ. யாராவது எதையாவது குடிக்கக் கொடுத்தால் என்ன என்று கேட்காமல் குடி. விழுந்த பிறகு என்ன என்பதற்குச் சமன்பாட்டில் இடம் இல்லை. அது தரையோடு நின்றுவிடுகிறது. அந்த நீளத் தாளும் அங்கேயே நின்றுவிடுகிறது. கடைசி எண்ணுக்குக் கீழே தாள் வெள்ளையாக இருக்கிறது. அந்த வெள்ளையைத்தான் இப்போது தினமும் பார்க்கிறேன்.

எனக்கு ஒரே ஓர் எண் வேண்டும். நீ விழுந்த இடத்தில் பனி எவ்வளவு ஆழம். கடிதம் வேண்டாம், எப்படி இருக்கிறாய் என்றுகூட எழுத வேண்டாம். கை முடியாவிட்டால் வேறு யாரையாவது எழுதச் சொல். ஒரு கார்டில் அந்த எண் மட்டும் போதும், மிச்சத்தை நான் போட்டுக்கொள்வேன். அடியா, மீட்டரா, அதை மட்டும் மறக்காமல் எழுது. அதையும் எழுத முடியாவிட்டால் வெறும் எண்ணாகவே அனுப்பு. அரை மார்க் குறைக்கமாட்டேன்.

அம்மா